சம்பள உயர்வு: கேட்பவரின் ஒழுக்கமும் கொடுப்பவரின் பொறுப்பும்



எல்லாப் புகழும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள், அவர்களைப் பின்பற்றி வாழ்ந்த நல்லோர் அனைவர் மீதும் உண்டாவதாக. ஆமீன்.

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே!

இந்த வாரம் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மிம்பரில் அதிகம் பேசப்படாத ஒன்று. ஆனால் தொழுது முடித்து வெளியே செருப்பைத் தேடும்போது நம்மில் பலருடைய மனதில் ஓடிக்கொண்டிருப்பது அதுதான். சம்பளம் போதவில்லை. முதலாளியிடம் கேட்கலாமா, கூடாதா? கேட்டால் தவக்குலுக்கு மாற்றமாகிவிடுமா? கேட்காமலே இருந்தால் பொறுமையா, கோழைத்தனமா?

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமானது. ஊர் மாவட்டத் தலைநகரான பிறகு வீட்டு வாடகை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று வாடகை வீட்டில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் என்ன ஆனது என்று தாய்மாரைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர், ஜவுளிக்கடையில் காலையிலிருந்து இரவு வரை நிற்கும் பிள்ளை, பிரியாணிக் கடையில் அடுப்படியில் வேகும் மாஸ்டர், கணக்கு எழுதும் தம்பி, இவர்களின் சம்பளமும் அதே வேகத்தில் ஏறியிருக்கிறதா?

ஒரு சின்னக் கணக்கு. மூன்று வருடத்துக்கு முன்பு ஒருவருக்கு மாதம் 12,000 ரூபாய் சம்பளம். விலைவாசி வருடத்துக்கு 5 விழுக்காடு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று அவருக்கு ஏறக்குறைய 13,900 ரூபாய் கொடுத்தால்தான் அந்தப் பழைய 12,000 ரூபாயின் வாங்கும் சக்தி கிடைக்கும். 12,000 ரூபாயே தொடர்கிறது என்றால், யாரும் வாயால் சொல்லாமலே அவர் சம்பளம் குறைந்துகொண்டு வருகிறது. முதலாளி கெட்டவர் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவர் கவனித்திருக்கவே மாட்டார். கவனிக்கச் செய்வது யார் வேலை?

கேட்பது யாசகமா?

பெருமானார் (ஸல்) அவர்கள் பிறரிடம் கையேந்துவதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். செல்வத்தைப் பெருக்கிக்கொள்வதற்காக மக்களிடம் கேட்பவன் நெருப்புக் கங்கைக் கேட்கிறான் என்ற கருத்தில் முஸ்லிம் கிரந்தத்தில் ஹதீஸ் வந்திருக்கிறது. இதைக் கேட்ட நம் மக்களில் சிலர், சம்பளத்தைக் கூட்டிக் கேட்பதும் அந்த வகையில் சேர்ந்துவிடுமோ என்று அஞ்சுகிறார்கள்.

சேராது. யாசகம் என்பது கைம்மாறாக எதையும் கொடுக்காமல் கேட்பது. சம்பளம் என்பது கொடுத்த உழைப்புக்கு ஈடு. அபூதாவூதிலும் திர்மிதியிலும் வரும் இன்னொரு ஹதீஸில், யாசகத்தைக் கண்டித்த அதே இடத்தில் ஆட்சியாளரிடம் கேட்பதற்கு நபியவர்கள் விதிவிலக்கு அளித்தார்கள். பைத்துல் மாலில் அவனுக்கு உரிமை இருக்கிறது, உரிமை உள்ள இடத்தில் கேட்பது இழிவாகாது என்று அறிஞர்கள் இதற்கு விளக்கம் சொன்னார்கள்.

மார்க்கச் சட்டத்தில் வேலைக்கு அமர்த்துவதை 'இஜாரா' என்கிறோம். மாதச் சம்பளத்துக்கு ஒருவரை வைத்தால், ஒவ்வொரு மாதம் பிறக்கும்போதும் அந்த ஒப்பந்தம் தொடர்ந்து புதுப்பிக்கப்படுகிறது என்பது நம் ஹனஃபி மத்ஹபு ஃபிக்ஹ் நூல்களில் உள்ள விளக்கம். அப்படியானால் வரும் மாதத்திலிருந்து இவ்வளவு வேண்டும் என்று கேட்பது, அடுத்த ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தை. அதில் துரோகமும் இல்லை, நன்றி மறந்த செயலும் இல்லை. ஏற்பதற்கும் மறுப்பதற்கும் இரு தரப்புக்கும் உரிமை உண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முடிந்துபோன மாதத்துக்கு, பேசியதைவிடக் கூடுதலாக உரிமை கொண்டாட முடியாது. பேசியது பேசியதுதான்.

முதல் கலீஃபா கேட்ட சம்பள உயர்வு

சங்கைக்குரியவர்களே! இந்த உம்மத்திலேயே சம்பள உயர்வு கேட்டவர் யார் தெரியுமா? நபிமார்களுக்கு அடுத்தபடியாக உயர்ந்தவர் என்று நாம் நம்பும் ஸித்தீக்குல் அக்பர் ஹள்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள்.

கலீஃபாவாகப் பொறுப்பேற்ற பிறகு ஒரு காலையில், துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வழக்கம்போல் கடைவீதிக்குப் புறப்பட்டார்கள். வழியில் ஹள்ரத் உமர் (ரலி) அவர்களும் அபூ உபைதா (ரலி) அவர்களும் சந்தித்தார்கள். முஸ்லிம்களின் பொறுப்பைச் சுமந்துகொண்டு கடைக்குப் போவதா என்று கேட்டார்கள். அப்படியானால் என் குடும்பத்துக்கு எங்கிருந்து உணவு கொடுப்பேன் என்று அபூபக்ர் (ரலி) அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அதன் பிறகுதான் பைத்துல் மாலிலிருந்து அவர்களுக்கு ஊதியம் நிர்ணயிக்கப்பட்டது.

இப்னு ஸஅத் அவர்கள் தம் தபகாத்தில் மேலும் ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார்கள். தோழர்கள் முதலில் 2,000 திர்ஹம் என்று நிர்ணயித்தார்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் கூட்டிக் கேட்டார்கள். தமக்குக் குடும்பம் இருப்பதையும், இந்தப் பொறுப்பால் வியாபாரம் செய்ய முடியாமல் போனதையும் காரணமாகச் சொன்னார்கள். தோழர்கள் 500 கூட்டிக் கொடுத்தார்கள். முதல் தொகை 2,000ஆ அல்லது 2,500ஆ என்பதில் அறிவிப்பாளருக்குச் சந்தேகம் உண்டு. கூட்டிக் கேட்டதிலும் 500 கூட்டியதிலும் சந்தேகம் இல்லை.

இதில் எத்தனை பாடம்! அவர்கள் கோபப்படவில்லை, பொறுப்பை எறிந்துவிட்டுப் போகிறேன் என்று மிரட்டவும் இல்லை. இரண்டே காரணங்களைச் சொன்னார்கள். ஒன்று தேவை, மற்றொன்று இந்த வேலைக்காகத் தாம் விட்டுக்கொடுத்தது என்ன என்பது. கேட்டதும் ஓர் அளவோடு நின்றது. பெருமையுள்ளவர் கேட்கத் தயங்குவார், பேராசைக்காரர் கேட்பதை நிறுத்தமாட்டார். ஸித்தீக் (ரலி) அவர்களிடம் இரண்டும் இல்லை.

அதே அபூபக்ர் (ரலி) அவர்கள் மரணப் படுக்கையில் என்ன செய்தார்கள்? பொறுப்பேற்ற பிறகு தம் பொருளில் கூடியிருப்பது எதுவோ அதை அடுத்த கலீஃபாவிடம் ஒப்படைத்துவிடும்படி அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். அது வந்து சேர்ந்தபோது உமர் (ரலி) அவர்கள் அழுதார்கள். தமக்குப் பின்னால் வருபவர்களைப் பெரும் சிரமத்தில் ஆழ்த்திவிட்டுப் போய்விட்டார்களே என்றார்கள். தேவைக்குக் கேட்கும் நாவும், தேவை முடிந்தால் திருப்பிக் கொடுக்கும் கையும் ஒருவரிடமே இருந்தன.

கேட்கும் முன் நம்மை நாம் கேட்க வேண்டியது

முதலாளியின் அறைக்குப் போகும் முன் நம் மனசாட்சியின் அறைக்குப் போக வேண்டும்.

அளவில் மோசடி செய்பவர்களைப் பற்றித் திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. 83ஆவது அத்தியாயமான அல்முதஃப்பிஃபீன். தனக்கு வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்குகிறவன், பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்கிறான் என்று அல்லாஹ் அங்கே கண்டிக்கிறான். இதைத் தராசு பிடிக்கும் கடைக்காரருக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிட வேண்டாம். எட்டு மணி நேரச் சம்பளத்தை முழுதாக எண்ணி வாங்கிவிட்டு, அதில் இரண்டு மணி நேரத்தைக் கைப்பேசியில் கழிப்பவரும் தராசில் கை வைக்கிறார். பத்து மணி நேரம் வேலை வாங்கிவிட்டு எட்டு மணி நேரக் கூலி கொடுக்கும் முதலாளியும் அதே தராசில்தான் கை வைக்கிறார்.

எனவே கேட்கப்போகிறவர் ஒரு தாளை எடுத்து உட்காரட்டும். சேர்ந்த அன்று எனக்குக் கொடுத்த வேலை என்ன, இன்று நான் செய்யும் வேலை என்ன? சேரும்போது சரக்கு எடுத்துக் கொடுக்கும் வேலை. இன்று ஜிஎஸ்டி பில் போடுவதும், சென்னைக்கும் சேலத்துக்கும் போய்க் கொள்முதல் செய்வதும், முதலாளி ஊரில் இல்லாதபோது கடையைத் திறந்து மூடுவதும் நானே. இப்படி எழுதிப் பார்த்தால் இரண்டில் ஒன்று நடக்கும். நம் நியாயம் நமக்கே தெளிவாகும், அல்லது நம் குறை நமக்கே தெரியவரும். இரண்டுமே லாபம்.

தன் திறமையைத் தானே சொல்வது பெருமையாகிவிடாதா என்று கேட்கலாம். ஹள்ரத் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். எகிப்தின் அரசர் அவர்களைத் தம் நம்பிக்கைக்குரியவராக ஆக்கிக்கொண்டபோது, நாட்டின் களஞ்சியப் பொறுப்பைத் தம்மிடம் தரும்படி கேட்டார்கள். கேட்கும்போது தம்மிடமுள்ள இரண்டு தகுதிகளையும் சொன்னார்கள். பாதுகாக்கத் தெரிந்தவன் என்பது ஒன்று, விஷயம் அறிந்தவன் என்பது மற்றொன்று. உண்மையாக உள்ள தகுதியை, தேவைப்படும் இடத்தில், தேவையான அளவு சொல்வது பெருமை ஆகாது. பொறுப்பை யாரிடம் கொடுக்கிறோம் என்று கொடுப்பவர் அறிந்துகொள்ள அது உதவி.

ஹள்ரத் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி மத்யன் பெரியவரிடம் அவருடைய மகள் பரிந்துரைத்தபோதும் இரண்டு தகுதிகளே பேசப்பட்டன. வலிமையும் அமானத்தும். கையில் திறமை இருந்து அமானத் இல்லையென்றால் அவரை வைத்திருக்க முதலாளி பயப்படுவார். அமானத் இருந்து திறமை வளரவில்லை என்றால் சம்பளமும் வளராது. உயர்வு கேட்கும் இளைஞர்களே! கடந்த ஒரு வருடத்தில் நீங்கள் புதிதாகக் கற்றுக்கொண்டது என்ன? அதற்குப் பதில் தயாராக இருக்கட்டும்.

கேட்கும் முறை

முதலில் நேரம் பாருங்கள். கல்லாவில் கூட்டம் நெருக்கும்போதும், பெருநாள் வியாபாரத்தின் நடுவிலும், சரக்கு லாரி வந்து நிற்கும்போதும் கேட்பது கேட்பதாகாது, மடக்குவதாகிவிடும். முன்கூட்டியே சொல்லுங்கள். "பாய், உங்ககிட்ட ஒரு பத்து நிமிஷம் பேசணும். கடையில வேணாம். அஸருக்கு அப்புறம் பேசலாமா?" இந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி மரியாதை வந்துவிடுகிறது.

இரண்டாவது, தொகையைச் சொல்லுங்கள். பார்த்துப் போட்டுக் கொடுங்க என்பது நம் ஊரில் பணிவான பேச்சாகத் தோன்றுகிறது. பின்னால் மனக்கசப்புக்கு விதை போடுவதும் அதுதான். நீங்கள் 3,000 எதிர்பார்த்திருப்பீர்கள், அவர் 500 கூட்டிவிட்டு நிறைவாகச் செய்துவிட்டதாக நினைத்திருப்பார். கூலியைத் தெளிவாகச் சொல்லாமல் ஒருவரை வேலைக்கு அமர்த்துவதை நபியவர்கள் தடுத்ததாக முஸ்னத் அஹ்மதில் வருகிறது. மூஸா (அலை) அவர்களின் ஒப்பந்தம் எப்படி இருந்தது? எட்டு வருடம் கட்டாயம், பத்து வருடமாக்கினால் அது அவர்கள் விருப்பம், சிரமம் கொடுக்க நாட்டமில்லை என்று பெரியவர் சொன்னார். எந்தத் தவணையை முடித்தாலும் தம்மீது குற்றமில்லை என்பதை மூஸா (அலை) அவர்கள் உறுதி செய்துகொண்டு, அல்லாஹ்வைச் சாட்சியாக்கினார்கள். மாமனாராகப் போகிறவரிடமே இவ்வளவு தெளிவாகப் பேசியிருக்கிறார்கள்! நாமோ தூரத்துச் சொந்தக்காரர் கடையில் வேலை செய்கிறோம் என்பதற்காகப் பத்து வருடம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, கடைசியில் சொந்தத்தையும் முறித்துக்கொண்டு வெளியேறுகிறோம்.

அக்கம்பக்கத்தில் அதே வேலைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இதை ஃபிக்ஹில் 'உஜ்ரத்துல் மித்ல்' என்போம். ஒரே மாதிரியான வேலைக்கு ஊரில் வழங்கும் நியாயமான கூலி. கேட்கும் தொகை அந்த வழக்கத்தை ஒட்டியிருந்தால் மறுப்பது கடினம்.

மூன்றாவது, பொய் சொல்லாதீர்கள். சென்னையில் எனக்கு 25,000 தருகிறார்கள் என்று இல்லாத வேலையைக் காட்டி விலையை ஏற்றுவது சாமர்த்தியமாகப் பேசப்படுகிறது. வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிக் கேட்பதை 'நஜஷ்' என்று பெயரிட்டு நபியவர்கள் தடை செய்தார்கள். இல்லாத வேலையைக் காட்டுவதும் அதன் தம்பிதான். உண்மையாகவே வேறு வேலை வந்திருந்தால் அதைப் பணிவோடு சொல்லலாம். "வந்திருக்கு பாய், ஆனா இங்கேயே இருக்கத்தான் எனக்கு விருப்பம்" என்று சொல்வதில் குற்றமில்லை. அல்லாஹ்வின் மீது சத்தியமாக நாளையிலிருந்து வரமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, பிறகு கஃப்பாராவுக்கு வழி கேட்டு நம்மிடம் வர வேண்டாம்.

நான்காவது, உடன் வேலை செய்பவரை இழுக்காதீர்கள். அவன் என்ன செய்கிறான், அவனுக்கு மட்டும் இவ்வளவா என்று தொடங்கினால் அங்கே புறமும் பொறாமையும் உட்கார்ந்துவிடும். உங்கள் வேலையைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

ஐந்தாவது, முடிவானதை எழுதிக்கொள்ளுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம் திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். எழுதுவது சந்தேகம் அல்ல, உறவுக்குப் பாதுகாப்பு. எந்த மாதத்திலிருந்து, எவ்வளவு, மறுபடி எப்போது பேசுவது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாரா செய்யுங்கள். ரிஸ்க் கொடுப்பவன் ரஸ்ஸாக். முதலாளியின் கை அதற்கு ஒரு வாசல் மட்டுமே. அந்த நம்பிக்கை உள்ளவர் கெஞ்சவும் மாட்டார், சீறவும் மாட்டார்.

பணம் மட்டுமே உயர்வல்ல

வியாபாரம் மந்தம், இப்போது முடியாது என்று முதலாளி உண்மையாகவே சொல்லலாம். அப்போது பேச்சு முடிந்துவிட்டதாக எழுந்துவிட வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் முழு விடுப்பு கேட்கலாம். ஜும்ஆவுக்குக் குத்பா தொடங்கும் முன்பே வந்து சேர நேரம் கேட்கலாம். பிள்ளையின் படிப்புக்கு வட்டியில்லாக் கடன் கேட்கலாம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாக இருந்தால் ஈ.எஸ்.ஐ. பற்றிக் கேளுங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவரின் குடும்பத்துக்கு அதில் மருத்துவம் கிடைக்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பி.எஃப். பற்றிக் கேளுங்கள். கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டமன்றம் சட்டத் திருத்தம் செய்தது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் நம் சகோதரிகளுக்கு ஒரு நாற்காலியும் ஓர் உயர்வுதான்.

தனியாகக் கேட்டால் எடுபடாத இடங்கள் உண்டு. அங்கே சேர்ந்து கேட்பதும் நம் மார்க்கம் அறியாததல்ல. ஸபீத் ஊரிலிருந்து மக்காவுக்கு வந்த ஒரு வியாபாரியிடம் சரக்கை வாங்கிக்கொண்டு ஆஸ் பின் வாயில் பணம் தர மறுத்தான். அதைக் கண்டு மக்காவின் நல்லவர்கள் அப்துல்லாஹ் பின் ஜுத்ஆன் வீட்டில் கூடி, அநீதி இழைக்கப்பட்டவரின் உரிமையை வாங்கிக் கொடுப்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். அதுதான் ஹில்ஃபுல் ஃபுளூல். நுபுவ்வத்துக்கு முன்பு நாயகம் (ஸல்) அவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பின்னும் அப்படி ஒன்றுக்கு அழைத்தால் போவேன் என்ற கருத்தில் சொன்னார்கள்.

நம் காலத்தில், ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்ததை அறிவோம். சம்பள உயர்வும் சங்க அங்கீகாரமும் அவர்களின் கோரிக்கை. 2025 மே மாதத்தில் இரு தரப்பும் உட்கார்ந்து மூன்று ஆண்டு ஊதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். எவ்வளவு பெரிய ஆலையானாலும், எத்தனை நாள் போராட்டமானாலும், கடைசியில் ஒரு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசித்தான் முடிகிறது. அந்த மேசைக்கு முதலிலேயே வந்துவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

மறுத்துவிட்டால்?

பொறுமையாக இருந்து பார்க்கலாம். வேறு ஹலாலான வேலையைத் தேடிக்கொள்ளலாம். போகும்போது சொன்ன நாள்வரை வேலை பார்த்து, கணக்கையும் சாவியையும் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. அவர் கொடுக்காததை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று கல்லாவில் கை வைப்பது. கொள்முதலுக்குப் போன இடத்தில் முதலாளிக்குத் தெரியாமல் கமிஷன் வாங்குவது. ஸகாத் வசூலிக்கச் சென்று திரும்பிய இப்னுல் லுத்பிய்யா, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்தபோது நபியவர்கள் மிம்பரில் ஏறிக் கண்டித்தார்கள். அவர் தம் தாய் தந்தையின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. புகாரியில் வரும் செய்தி இது. குறைந்த சம்பளம் ஹராமை ஹலாலாக்காது.

குறைந்த கூலி மனிதனை எங்கெல்லாம் தள்ளுகிறது என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்ட வந்தார்கள் என்றது அந்த மாநிலக் காவல்துறை. திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் மாவட்டங்களின் ஏழைகள் அவர்கள். உள்ளூரில் உழைப்புக்கு உரிய கூலி கிடைத்தால், அதிகக் கூலி என்று ஆசை காட்டும் தரகர்களின் வண்டியில் ஏன் ஏறப்போகிறார்கள்? அந்தக் கேள்வி காட்டில் முடிவதில்லை, நம் கடைவாசலுக்கும் வருகிறது.

முதலாளிமார்களே!

இப்போது கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

நமக்கு மேற்கே தெரியும் கல்வராயன் மலையின் வரலாறு உங்களுக்குத் தெரியும். மலைவாழ் மக்கள் ஜாகிர்தார்களின் நிலங்களில் கூலியில்லாமல் உழைத்த காலம் ஒன்று அங்கே இருந்தது. 1976ஆம் ஆண்டில்தான் ஜாகிர் ஆதிக்கம் அங்கே முடிவுக்கு வந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியதும் அதே 1976இல்தான். நம்மில் பலர் பிறந்த பிறகு நடந்தவை இவை. வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூரிலிருந்தும் மலை இறங்கி வேலைக்கு வருபவருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, அதைக் காட்டியே வருடக்கணக்கில் பழைய கூலிக்கு வைத்திருந்தால், ஜாகிர்தார் போய்விட்டார் என்று எப்படிச் சொல்வது? கூலி விஷயத்தில் முஸ்லிம், முஸ்லிம் அல்லாதவர் என்ற பேதம் மார்க்கத்தில் இல்லை.

வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் அறிவிக்கும் ஹதீஸ் குத்ஸி புகாரியில் இருக்கிறது. வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுக்கச் சொல்லும் ஹதீஸ் இப்னு மாஜாவில் இருக்கிறது. இவை எல்லோரும் கேட்டவை. அதிகம் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். அபூ தைபா என்ற அடிமை நபியவர்களுக்கு இரத்தம் குத்தி எடுத்தார். நபியவர்கள் அவருக்குத் தானியம் கூலியாகக் கொடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை. அவர் தம் எஜமானர்களுக்கு அன்றாடம் கட்ட வேண்டிய தொகை அதிகமாக இருப்பதை அறிந்து, அவர்களிடம் பேசி அதைக் குறைக்கச் செய்தார்கள். கேட்க முடியாதவருக்காகக் கேட்பதும் ஸுன்னத்.

ஹள்ரத் உமர் (ரலி) காலத்தில் ஹாதிப் (ரலி) அவர்களின் பணியாளர்கள் முஸைனா குலத்தவர் ஒருவரின் ஒட்டகத்தைத் திருடி அறுத்துவிட்டார்கள். விசாரித்த உமர் (ரலி) அவர்கள், எஜமானரே அவர்களைப் பசியில் போட்டிருக்கிறார் என்று கருதினார்கள். ஒட்டகத்தின் விலை 400 திர்ஹம். எஜமானரை 800 திர்ஹம் கொடுக்க வைத்தார்கள். இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் இது இருக்கிறது. கடையில் திருட்டு நடந்தால் கேமரா மாட்டுகிறோம். சம்பளப் பட்டியலையும் ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும்.

உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் தம் அதிகாரிகளுக்கு மாதம் 100, 200 தீனார் என்று தாராளமாகக் கொடுத்தார்கள். அவர்களுக்குப் போதுமானது கிடைத்தால் மக்கள் வேலையில் முழு மனதோடு ஈடுபடுவார்கள் என்பது அவர்களின் கணக்கு. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் தம் சரக்கோடு ஷாம் செல்ல நாயகம் (ஸல்) அவர்களை அழைத்தபோது, மற்ற வியாபாரிகளுக்குக் கொடுப்பதைவிடச் சிறப்பாகக் கொடுப்பதாகத் தாமே முன்வந்து சொன்னார்கள். நேர்மையானவரை இழக்காமல் இருக்க நேர்மையான விலை கொடுத்தார்கள். கேட்ட பிறகு கொடுப்பது நியாயம். கேட்கும் முன் கொடுப்பது இஹ்ஸான்.

2021இல் கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் கைத்திறனுக்குப் பெயர் உயர்ந்தது நமக்கெல்லாம் மகிழ்ச்சி. பொருளின் பெயர் உயரும்போது அதைச் செய்த கையின் கூலியும் உயர வேண்டும். இது எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும்.

பள்ளிவாசலும் ஒரு முதலாளிதான்

கடைசியாக ஒரு வார்த்தை, ஜமாஅத் நிர்வாகிகளுக்கு. இமாமே இதைப் பேசுவதால் தமக்காகப் பேசுகிறார் என்று யாரும் எண்ண வேண்டாம். என் கணக்கை விட்டுவிடுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் ஃபஜ்ருக்கு முன்பு எழுந்து பாங்கு சொல்லி, ஹவ்ளு கழுவி, இஷா முடிந்து கதவைப் பூட்டும் மோதினார் இருக்கிறாரே, அவர் கணக்கைப் பாருங்கள். மதரஸாவில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் உஸ்தாதின் கணக்கைப் பாருங்கள்.

பாங்குக்குக் கூலி வாங்காத முஅத்தினை நியமிக்கும்படி ஹதீஸ் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் முழு நேரத்தையும் பள்ளிக்குக் கொடுத்தவருக்கு வேறு பிழைப்புக்கு வழியில்லாமல் போகும்போது, இந்தப் பணிகளே நின்றுவிடும் என்று கண்ட பிற்கால ஹனஃபி அறிஞர்கள் இமாமத், பாங்கு, குர்ஆன் கற்பித்தல் ஆகியவற்றுக்கு ஊதியம் வாங்குவதை அனுமதித்தார்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் சொன்ன அதே காரணம்: எங்களைப் பிழைப்பிலிருந்து தடுத்துவிட்டீர்கள், எங்களுக்கும் குடும்பம் இருக்கிறது. இமாம்களுக்கு ஊதியம் வழங்கும் பொறுப்பு வக்ஃபு வாரியங்களுக்கு உண்டு என்று 1993இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. மினாராவை உயர்த்த வசூல் செய்யும் நாம், மினாராவிலிருந்து வரும் குரலுக்குரியவரின் சமையலறையையும் எட்டிப் பார்க்க வேண்டாமா? வருடத்துக்கு ஒரு முறை, அவர் கேட்கும் முன்பே, கமிட்டிக் கூட்டத்தில் சம்பளத்தை ஒரு பொருளாக வைத்துப் பேசுங்கள்.

கூடுதலாக வந்தால்

அல்லாஹ் உயர்வைக் கொடுத்துவிட்டால் அதை எங்கே வைப்பது என்பதும் ஒரு சோதனை. வாங்கிய வட்டிக் கடனை முதலில் அடைத்து, அந்தப் பாவத்திலிருந்து வெளியே வாருங்கள். பெற்றோருக்கு ஒரு பங்கு, பிள்ளையின் படிப்புக்கு ஒரு பங்கு, முடிந்த அளவு ஸதகா. 2024 ஜூன் மாதம் கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததை இந்த ஊர் மறக்காது. அன்றாடம் உழைத்துச் சம்பாதித்தவர்களின் குடும்பங்கள் அவை. உழைத்த காசு வீட்டு அடுப்புக்குப் போய்ச் சேருவதுதான் பரக்கத். அதற்குத் துணை நிற்பது எந்த மதத்தவரானாலும் அண்டை வீட்டாராகிய நம் கடமை.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! குகையில் மாட்டிக்கொண்ட மூவரின் சம்பவத்தை நினைத்துப் பாருங்கள். பாறை வாசலை அடைத்துவிட்டது. மூவரும் தாம் அல்லாஹ்வுக்காகச் செய்த அமலை முன்வைத்து துஆ கேட்டார்கள். மூன்றாமவர் முன்வைத்த அமல் எது? ஒரு கூலியாள் வாங்காமல் விட்டுப்போன கொஞ்சம் தானியத்தை விதைத்துப் பெருக்கி, ஆடு மாடுகளும் மேய்ப்பர்களுமாக வளர்த்து, பல காலம் கழித்து அவர் வந்து தம் கூலியைக் கேட்டபோது அத்தனையையும் ஓட்டிச் செல்லச் சொன்னது. கேலி செய்கிறீரா என்று கேட்டார் கூலியாள். கேலி இல்லை, எல்லாம் உமக்குரியது என்றார் அவர். அந்த துஆவோடு பாறை முழுதாக விலகியது. ஒருவருடைய கூலியை அவருக்குச் சேர்த்ததே அவர்களுக்கு வெளியே வரும் வழியானது.

யா அல்லாஹ்! எங்கள் உழைப்பில் அமானத்தையும், எங்கள் பேச்சில் உண்மையையும், எங்கள் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும் தருவாயாக! கேட்கத் தயங்கி மனதுக்குள் புழுங்குபவர்களுக்கு நல்ல நாவைத் தருவாயாக! கொடுக்கும் நிலையில் உள்ளவர்களுக்கு விரிந்த மனதையும் விரிந்த வியாபாரத்தையும் தருவாயாக! வெளிநாடுகளிலும் வெளியூர்களிலும் குடும்பத்தைப் பிரிந்து உழைக்கும் எங்கள் பிள்ளைகளின் கூலி முழுமையாக அவர்கள் கைக்கு வந்து சேரச் செய்வாயாக! எங்களில் யாருடைய வியர்வையும் மறுமையில் எங்களுக்கு எதிரான சாட்சியாக நிற்காமல் எங்களைக் காப்பாயாக!

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.